முகம் வரையாத உருவப்படம்: மெக்சிகோவின் மரண ஓவியமும் கிள்ளான் பள்ளத்தாக்கின் படையலும்

தீபாவளிக்கு முந்திய வாரத்தில் பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளானின் ஜாலான் துங்கு கிளானாவிலும் பூக்கடைகள் நடைபாதைவரை இறங்கிவிடும். மல்லிகைச் சரம், ரோஜா, சம்பங்கி, நடுவே கூடை கூடையாகச் செண்டுமல்லி. துலுக்கச் சாமந்தி என்றும் இதைச் சொல்வதுண்டு. கோயில் மாலை, வாசல் தோரணம், இறந்தவர் படத்துக்குச் சார்த்தும் மாலை எல்லாவற்றுக்கும் இந்தப் பூ வேண்டும். இந்தச் செடியின் தாயகம் மெக்சிகோ. ஸ்பானியர் அந்த நாட்டைப் பிடித்த பதினாறாம் நூற்றாண்டுக்குப் பிறகு கடல் தாண்டி இந்தியாவுக்கு வந்து, தமிழ்நாட்டு மாலைகட்டிகளின் கைக்குப் பழகிப்போனது. பிறந்த மண்ணில் இதற்குச் செம்பாசூச்சில் என்று பெயர். நவம்பர் 1, 2 ஆகிய இரு நாள்களில் அங்கே இறந்தோர் நாள் கொண்டாடுகிறார்கள். தெருவாசலிலிருந்து வீட்டுக்குள் இருக்கும் படையல் மேசைவரை இந்தப் பூவின் இதழ்களை உதிர்த்துப் பாதை போடுவார்கள். அந்த நிறமும் மணமும் இறந்தவர்களை வழிதவறாமல் வீட்டுக்குக் கூட்டிவரும் என்பது அவர்கள் நம்பிக்கை.

மலாய் இடுகாடுகளில் வெள்ளையும் மஞ்சளுமாகப் பூ உதிர்த்து நிற்கும், நம்மவர் ஈழத்தலரி என்று சொல்லும் கெம்போஜா மரமும் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் சேர்ந்த நிலப்பகுதியிலிருந்து வந்ததுதான். ஆக, கிள்ளான் பள்ளத்தாக்கில் அக்கம்பக்கமாக வாழும் இரண்டு சமூகங்கள் தங்கள் இறந்தவர்களுக்கு மெக்சிகோ மண்ணின் பூக்களையே வைக்கின்றன. தாவரங்கள் பயணம் செய்த கதை இது. இதை வைத்து மெக்சிகோவுக்கும் தமிழருக்கும் தொல்பழங்கால உறவு கொண்டாட நான் வரவில்லை. பூவைத் தாண்டி, பூ வைக்கும் முறையிலும் காலத்திலும் தெரியும் ஒற்றுமைதான் என்னை இந்த ஆய்வுக்குள் இழுத்தது. மெக்சிகோ தன் படையலிலிருந்து உலகமறிந்த ஓர் ஓவிய மரபை எழுப்பியது. நம்மிடம் அதே அளவு செழிப்பான படையல் இருக்கிறது. அதிலிருந்து ஓவியம் எழவில்லை. ஏன் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் நம் வீட்டுக் கூடம். மலேசியத் தமிழர் பலருடைய வீடுகளில் தீபாவளி இறந்தவர்களிடமிருந்து தொடங்குகிறது. முந்திய நாளே இடுகாட்டுக்குப் போய்ப் புல்லைச் செதுக்கி, புதைகுழியைச் சுத்தம் செய்து, விளக்கேற்றி வருகிறவர்கள் இருக்கிறார்கள். மாலையில் வீட்டில் படையல். இறந்தவரின் படத்துக்குப் புது மாலை, படத்துக்கு முன்னால் தலைவாழை இலை, பக்கத்தில் அவருக்கென்று எடுத்த புது வேட்டி அல்லது புடவை. சோறு, ஆட்டுக்கறிப் பிரட்டல், கோழிக் குழம்பு, அவித்த முட்டை, கருவாடு, இட்லி, முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை. தாத்தா குடிப்பவராக இருந்தால் ஒரு போத்தல் ஸ்டவுட் திறந்து வைக்கப்படும். சுருட்டுப் பிடிப்பவர் என்றால் சுருட்டும் தீப்பெட்டியும். பாட்டிக்கு வெற்றிலை, பாக்கு, புகையிலை. குழந்தையாக இறந்த ஒருவர் இருந்தால் மிட்டாய், பால். சாம்பிராணி போட்டுச் சூடம் காட்டிய பிறகு, அவர்கள் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் சற்று நேரம் வெளியே வந்துவிடும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. காக்கைக்கு ஒரு பிடி எடுத்துவைத்த பிறகுதான் வீட்டார் கை நனைப்பார்கள். மறுநாள் விடிகாலை எண்ணெய்க் குளியல், புதுத்துணி, பட்டாசு. சாவுக்கும் புதுவாழ்வுக்கும் நடுவே ஓர் இரவுதான்.

குடும்பத்துக்குக் குடும்பம் இது மாறும். சைவப் படையல் போடுகிறவர்கள் உண்டு. காலையில் போடுகிறவர்கள் உண்டு. இறந்த திதியையும் ஆடி அமாவாசையையும் மட்டும் அனுசரிப்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டின் சில பகுதிகளிலும் தீபாவளியை ஒட்டி முன்னோருக்குப் படைக்கும் வழக்கம் இருக்கிறது. மலாயாவில் அது இவ்வளவு அழுத்தமாகத் தீபாவளியோடு ஒட்டிக்கொண்டதற்கு ரப்பர்த் தோட்ட வாழ்க்கை ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று கருதுகிறேன். பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்கு ஆண்டில் சேர்ந்தாற்போல ஓய்வு கிடைத்த நாள்கள் குறைவு. ஊரில் தனித்தனியாகச் செய்த கடன்கள் இங்கே ஒரே பண்டிகையில் வந்து குவிந்தன.

2024இல் தீபாவளி அக்டோபர் 31இல் வந்தது. நம் தீபாவளிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் மெக்சிகோவில் இறந்தோர் நாள். இதில் மூன்றாவதாக ஒன்றும் சேர்கிறது. மெக்சிகோவின் நாள் கத்தோலிக்கத் திருச்சபையின் நாள்காட்டியிலிருந்து வந்தது. அதே நவம்பர் 2இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குக் கல்லறைத் திருநாள். 1910இல் கோலாலம்பூர்த் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுந்த புனித அந்தோணியார் ஆலயத்துப் பங்கு மக்களும் கிள்ளான் லூர்து மாதா ஆலயத்து மக்களும் கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றிப் பூ வைக்கும் நாளில், மெக்சிகோவின் கல்லறைத் தோட்டங்களிலும் மெழுகுவத்தி எரிகிறது. அங்கே மேசைமேல் இருப்பவற்றைப் பாருங்கள்: இறந்தவர் படம், தண்ணீர், உப்பு, இறந்தோர் ரொட்டி, சோளமாவுப் பண்டம், சாம்பிராணி போலப் புகையும் கோபால் பிசின், அவருக்குப் பிடித்த கறி, மெஸ்கால் மது, சிகரெட்டு. குழந்தைகளுக்கு இனிப்பும் பொம்மையும். நெற்றியில் பெயர் எழுதிய சர்க்கரை மண்டையோடு மட்டும்தான் நம்மிடம் இல்லாதது.

அந்த மண்டையோடு எப்படி ஓவியமானது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஹோசே குவாதலூப்பே போசாதா (1852–1913) மெக்சிகோ நகரத்தில் மலிவுத்தாள் அச்சகத்துக்குப் படம் செதுக்கியவர். ஒரு சென்டாவோ காசுக்கு விற்ற துண்டுத்தாள்களில் கொலை, தூக்கு, வெள்ளம், அரசியல் எல்லாவற்றுக்கும் அவர் படம் இருக்கும். இறந்தோர் நாள் வரும்போது வாழ்கிறவர்களை எலும்புக்கூடுகளாக வரைந்து, கிண்டல் இரங்கற்பாக்களோடு விற்பார்கள். அவருடைய கடைசி ஆண்டுகளில் செதுக்கிய ஒரு துத்தநாகத் தகட்டில், இறகு செருகிய பெரிய பிரெஞ்சுத் தொப்பியோடு ஓர் எலும்புக்கூட்டுப் பெண் சிரிக்கிறாள். தன் பூர்வகுடித் தோற்றத்தை மறைத்து ஐரோப்பியராக வேடமிட்டவர்களைக் குத்திய படம் அது. போசாதா ஏழையாக இறந்தார். ஏழைகளுக்கான இலவசக் குழியில் புதைத்தார்கள். ஏழாண்டுகள் கழித்து, உரிமை கோர ஆள் இல்லாததால் எலும்புகளைப் பொதுக்குழிக்கு மாற்றினார்கள். நாட்டின் சாவுக்கெல்லாம் முகம் கொடுத்தவருக்குக் கல்லறை இல்லாமல் போனது.

அடுத்த கட்டம் புரட்சி. 1910இல் தொடங்கிய மெக்சிகோ புரட்சி பத்தாண்டுகளில் பல லட்சம் உயிர்களைக் கொண்டுபோனது. மிஞ்சிய நாட்டுக்குத் தன்னைத் தானே சொல்லிக்கொள்ள ஒரு படம் தேவைப்பட்டது. 1921இலிருந்து 1924வரை கல்வி அமைச்சராக இருந்த ஹோசே வாஸ்கோன்செலோஸ் அரசுக் கட்டடச் சுவர்களை ஓவியர்களுக்குத் திறந்துவிட்டார். தியேகோ ரிவேரா, ஹோசே கிளமென்தே ஒரோஸ்கோ, தவீது அல்ஃபாரோ சிக்கேரோஸ் என்று ஒரு தலைமுறை அங்கிருந்து வந்தது. போசாதாவை ஞாபகத்திலிருந்து மீட்டவர்களும் அவர்கள்தான். 1947இல் அலமேதா பூங்காவைப் பற்றித் தான் தீட்டிய பெருஞ்சுவரோவியத்தில், போசாதாவின் தொப்பிக்காரிக்கு ரிவேரா முழு உடம்பு கொடுத்தார். காத்ரினா என்று பெயர் நிலைத்தது. அவள் ஒரு கையைச் சிறுவன் ரிவேரா பிடித்திருக்கிறான். மறுகை போசாதாவின் கையில் கோத்திருக்கிறது.

ரிவேரா கதை சொல்லி. உணர்ச்சிவெளிப்பாட்டு ஓவியம் என்ற சொல்லுக்கு மெக்சிகோவில் முழுப் பொருள் தந்தவர் ஒரோஸ்கோ. கண்ணுக்குத் தெரிவதை விட்டு, நெஞ்சுக்குள் நிகழ்வதற்கேற்ப உருவத்தை முறுக்கி, நிறத்தைக் கத்தவிடும் இந்தப் பாணி ஜெர்மனியில் 1905இல் டிரெஸ்டன் நகரத்து இளைஞர்களிடம் குழுவாகத் திரண்டது. மகனை 1914ஆம் ஆண்டுப் போரில் இழந்த கேத்தே கொல்விட்ஸ் கருப்பு வெள்ளை மரச்செதுக்குகளில் அதைத் துக்கத்தின் மொழியாக்கினார். இளமையில் வெடிவிபத்தில் இடக்கையை இழந்த ஒரோஸ்கோ, புரட்சியின் பிணங்களை நேரில் கண்டவர். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரி நூலகத்தில் 1932–34இல் அவர் வரைந்த சுவர்த்தொடரில் ஒரு பகுதியை யாரும் மறக்க முடியாது. புத்தகங்கள் மேல் மல்லாந்து கிடக்கும் எலும்புக்கூட்டுப் பெண் பிரசவிக்கிறாள். பிறப்பது பட்டதாரித் தொப்பி போட்ட எலும்புக்குழந்தை. பேராசிரிய அங்கி அணிந்த எலும்புக்கூடுகள் வரிசையாக நின்று பார்க்கின்றன, பின்னால் தீ. ஓர் ஊர் தன் படையல் மேசையில் வைத்திருந்த எலும்புக்கூடு, இருபதாம் நூற்றாண்டின் அறிவுலகத்தையே விசாரணை செய்யும் உருவமாக வளர்ந்துவிட்டது. பின்னர் குவாதலஹாரா நகரத்துப் பழைய அனாதை விடுதியின் குவிமாடத்தில் அவர் வரைந்த தீமனிதன், எரிந்தபடியே மேலே எழுகிறான். அழிவும் புதுப்பிறப்பும் ஒரே உடம்பில். ஃப்ரீதா காலோவின் 1938ஆம் ஆண்டுச் சிறு ஓவியம் ஒன்றில் மண்டையோட்டு முகமூடி அணிந்த ஒரு சிறுமி நிற்கிறாள். அவள் கையில் இருப்பது நம் மாலைகளில் இருக்கும் அதே மஞ்சள் செண்டுப்பூ.

இந்தக் கதையில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. அஸ்டெக் காலத்திலிருந்து அறுபடாமல் வருவது என்று இறந்தோர் நாளைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் நாள், ரொட்டி, சர்க்கரை மூன்றும் ஸ்பெயினிலிருந்து வந்தவை. மரணத்தைத் தேசிய அடையாளமாக்கியதில் புரட்சிக்குப் பிந்திய அரசுக்கும் அறிவாளர்களுக்கும் பெரும் பங்கு உண்டு என்று மானுடவியலாளர் கிளாவ்தியோ லொம்னித்ஸ் 2005இல் வெளிவந்த தன் நூலில் விரிவாக வாதிடுகிறார். ஒக்தாவியோ பாஸ் 1950இல் எழுதிய கட்டுரைகள் அந்த அடையாளத்துக்கு இலக்கிய அந்தஸ்து கொடுத்தன. 2008இல் இறந்தோர் நாள் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2016இல் மெக்சிகோ நகரத்தில் முதன்முறையாக நடந்த பெரும் ஊர்வலமோ, ஒரு ஜேம்ஸ்பாண்டு படத்தின் தொடக்கக் காட்சிக்காகக் கற்பனை செய்யப்பட்டது. ஆக, மரபிலிருந்து ஓவியம் வருகிறது. ஓவியத்திலிருந்து மரபும் வருகிறது. படையலை ஓவியம் காப்பாற்றியிருக்கிறது. கூடவே மாற்றியும் இருக்கிறது.

இனி நம் பக்கம். மலாயாத் தமிழரின் சாவுக் கணக்கு மெக்சிகோவுக்குக் குறைந்ததாக இல்லை. 1901இல் திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை, இன்றைய கிள்ளான் துறைமுகத்தை, மலேரியா உடனே பிடித்துக்கொண்டது. கிள்ளானில் அரசு மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் சதுப்புகளை வடிக்கச் செய்து அங்கே காய்ச்சலைக் குறைத்தது மருத்துவ வரலாற்றில் பெரிதாகப் பேசப்படுகிறது. ஆனால் காடழித்து ரப்பர் நட்ட உள்நாட்டுத் தோட்டங்களில் கூலிகள் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். தோட்டத்து ஓரத்தில் புதைத்தார்கள். பெயர் பொறித்த கல் நடும் வசதி சிலருக்கே இருந்தது. பிறகு தோட்டங்களும் போயின. ஷா ஆலாம் நகரம் சுங்கை ரெங்கம் தோட்டத்தின்மேல் எழுந்தது. புத்ராஜெயா பிராங் புசார் தோட்டத்தின்மேல். தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்களோடு இடுகாடுகளும் மறைந்தன. இன்று செராஸிலும் கிள்ளான் சிம்பாங் லீமாவிலும் மின்சுடலை. சாம்பல் கடலுக்குப் போய்விடுகிறது. போய் நிற்க ஒரு குழி இல்லாத சமூகத்துக்குக் கூடத்துப் படையல்தான் கல்லறை. குடிபெயர்ந்து அடுக்குமாடிப் பதினேழாவது மாடிக்குப் போனாலும் கூடவே வரக்கூடிய கல்லறை.

இவ்வளவு இருந்தும் இது ஏன் ஓவியத்தில் ஏறவில்லை? எனக்குத் தோன்றும் காரணங்களில் முதலாவது வெட்கம். சாவு மேளமான தப்பும் பறையும் சாதியின் சுமையோடு கப்பலேறி வந்தவை. பெரியார் 1929 இறுதியில் மலாயாவுக்கு வந்தார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. சாதியையும் மூடவழக்கத்தையும் ஒழிக்க அந்த இயக்கம் செய்தது மகத்தான வேலை. அதை நான் முழுமனதோடு மதிக்கிறேன். அதே காலத்தில் சாராயமும் கறியும் வைத்துப் பிணத்துக்குப் படைப்பது படித்தவர்கள் பேசக் கூசும் விஷயமாகவும் மாறியது. ஒரு புறம் சீர்திருத்தம், மறுபுறம் ஆகமக் கோயில்களின் சைவத் தூய்மை. இரண்டுக்கும் நடுவே படையல் வீட்டுக்குள் ஒதுங்கிக்கொண்டது. மெக்சிகோவில் போசாதா குத்திய அதே நோய், தன் தோற்றத்தை மறைக்கும் நோய், இங்கேயும் இருந்தது. அதைச் செதுக்க ஒரு போசாதா நமக்கு இல்லை.

இரண்டாவது காரணம் அரசு. வாஸ்கோன்செலோஸ் சுவர்களைத் திறந்தபோது நாட்டார் கலையே தேசியக் கலை என்றார்கள். மலேசியாவில் 1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடந்த தேசியப் பண்பாட்டு மாநாடு, இந்த வட்டாரத்துப் பூர்வகுடிப் பண்பாட்டை அடிப்படையாகவும், பிற பண்பாடுகளில் பொருத்தமானவற்றைச் சேர்த்துக்கொள்ளத் தக்கவையாகவும் வகுத்தது. தோட்டத்துத் தமிழனின் ஸ்டவுட் போத்தல் அந்தப் பொருத்தமானவற்றில் சேர வாய்ப்பே இல்லை. தமிழருக்கு அங்கீகாரம் கிடைத்ததெல்லாம் பரதம், கோலம், அலங்காரத் தோரணம் என்ற வரிசையில்தான். 2010 அக்டோபர் 27இல் அன்றைய மலேசிய, இந்தியப் பிரதமர்கள் நஜிப்பும் மன்மோகன் சிங்கும் திறந்துவைத்த பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவின் வளைவுகளும் அந்த அழகியலைச் சேர்ந்தவையே.

அதற்காக மலேசிய ஓவியம் சாவைப் பார்க்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். 1969 மே 13 கலவரத்தில் அரசு சொன்ன கணக்கின்படியே 196 பேர் மாண்டார்கள். பலரைச் சுங்கை பூலோவில் புதைத்தார்கள். மறு ஆண்டு, சிங்கள வம்சாவளியில் குவாந்தானில் பிறந்த ரெட்சா பியதாசா ஒரு சவப்பெட்டியை நிமிர்த்தி நிறுத்தி, அதன்மேல் மலேசியக் கொடியைத் தீட்டி, அடியில் கண்ணாடி வைத்தார். தலைப்பு, அந்த நாளின் தேதி. மூலப் படைப்பு மிஞ்சவில்லை. 2006இல், தான் இறப்பதற்கு முந்திய ஆண்டு, அவரே மறுபடி செய்தார். கல்லறை காட்டப்படாத சாவுகளுக்கு நாடு முழுவதற்குமாக ஒரே பெட்டி. அந்தப் பெட்டிமுன் நிற்கிறவர் குனிந்தால் கொடியோடு தன் காலையும் கண்ணாடியில் பார்ப்பார். நான் அறிந்த மலேசியக் கலையில் இதைவிட உரத்த ஒப்பாரி இல்லை.

அதே பியதாசா 1980களிலும் 90களிலும் முற்றிலும் வேறு வழியில் போனார். பழைய ஸ்டூடியோப் புகைப்படங்களை எடுத்து, பாபா குடும்பம், ஹாஜியார் குடும்பம் என்று பெரிதாக்கி, நிறம் பூசி, பாத்தேக் பூவேலைப்பாடுகளை அருகே ஒட்டி, மலேசியத் தொடர் என்று வைத்தார். நாற்காலியில் விறைப்பாக அமர்ந்து கேமராவை நோக்கும் அந்த மனிதர்களைப் பார்க்கும்போது எனக்குப் படையல் படங்கள்தான் நினைவுக்கு வரும். பியதாசாவை மேலைக் கருத்தோவிய மரபோடு மட்டும் வைத்துப் பேசும் விமர்சகர்கள் இந்தத் திசையில் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

உணர்ச்சிவெளிப்பாட்டைப் பெர்லினிலேயே கற்றுவந்தவர் லத்தீஃப் மொஹிதின். 1960களின் அவருடைய பாகோ-பாகோ ஓவியங்களில் கோபுரமும் முளையும் ஒன்றாகும். 2018இல் பாரிஸின் பொம்பிதூ மையம் அவற்றைத் தனிக்காட்சியாக வைத்தது. பினாங்கில் பிறந்து கோலாலம்பூரில் இயங்கிய நிர்மலா தத் சண்முகலிங்கம், வியட்நாம், பெய்ரூட் என்று தொலைதூரப் போர்களின் பிணங்களுக்காகச் செய்தித்தாள் படங்களையும் தூரிகையையும் சேர்த்து அழுதவர். அவருடைய வரலாறு தனிக்கட்டுரை கேட்பது. கிள்ளானில் 1953இல் பிறந்து சிங்கப்பூரில் வாழும் குமாரி நாகப்பன் புதுப்பிறப்பின் பக்கத்தைப் பிடித்தார். மஞ்சாடி விதை, மஞ்சள், குங்குமச் சிவப்பு, ஆளுயரத்தைத் தாண்டும் வெண்கல மிளகாய் எல்லாம் அவருடைய பொருள்கள். விதைகளைக் கொட்டிக் குவித்து அவர் செய்யும் வேலைகளில் கிள்ளான் வீட்டுப் பூசைத்தட்டின் நிறங்கள் அப்படியே இருக்கின்றன. சிங்கப்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கும் அந்த மிளகாயும் மெக்சிகோவிலிருந்து வந்த செடிதான்.

இருந்தும், நான் அறிந்தவரை, ஒரு சாவு நம் ஓவியர் யாராலும் வரையப்படாமலே நிற்கிறது. 1942 நடுவிலிருந்து 1943 அக்டோபர்வரை ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கிள்ளான், கோலாலம்பூர் சுற்றுவட்டாரம் உட்பட மலாயாத் தோட்டங்கள் பலவற்றிலிருந்தும் ஆட்களை ஏற்றிப்போனார்கள். முதலில் கூலி தருவதாக ஆசைகாட்டி, பிறகு வலுக்கட்டாயமாக. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கு மேல். அவர்களில் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சத்தைத் தொட்டவர்கள். மாண்டவர்கள் 90,000 அளவில் இருக்கலாம் என்று பல மதிப்பீடுகள் சொல்கின்றன. மலாயாத் தமிழர் அதில் பெரும் கூட்டம்.

கைதிகளிடையே ஓவியர்கள் இருந்தார்கள். ரொனால்ட் சேர்ல் என்ற ஆங்கிலேய இளைஞர், காலரா நோயாளிகளின் படுக்கைக்கடியில் ஒளித்துவைத்துக் காப்பாற்றிய சித்திரங்கள் ஏறத்தாழ முந்நூறு இன்று லண்டன் போர் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஜாக் சால்க்கர் அறுவைக் கொட்டகையில் நின்று புண்ணை வரைந்தார். காஞ்சனபுரியில் கைதிகளுக்கு ஒழுங்கு வரிசையில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள், ஒவ்வொன்றுக்கும் பலகை. தமிழனைக் குவியலாகப் புதைத்தார்கள், அல்லது எரித்தார்கள். லயத்துக்குத் திரும்பியவர் சொன்னதை வைத்து, சில குடும்பங்களில் எந்த நாளில் செத்தார் என்றே தெரியாமல் தீபாவளிப் படையலில் அவருக்கும் ஓர் இலை போட்டார்கள்.

ஓவியம் செய்யாததை எழுத்து செய்தது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய இரண்டு நாவல்களும் அந்தக் காட்டுக்குள் தமிழ் வாசகரை இறக்கிவிட்டவை. 2023இல் காஞ்சனபுரியில், அந்தத் தமிழர்களுக்காக நடுகல் ஒன்றும் எழுந்தது. நம் மரபில் இதற்கு வயது அதிகம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழிக் கல்வெட்டுள்ள நடுகற்கள் கிறிஸ்துவுக்கு முற்பட்டவை. கல்லைத் தேர்வதிலிருந்து நீராட்டி, நட்டு, படைத்து, வாழ்த்துவதுவரை தொல்காப்பியம் துறை வகுத்திருக்கிறது. கல்லுக்குக் கள் படைத்தது சங்கப் பாடல்களில் உண்டு; தாத்தாவுக்கு ஸ்டவுட் வைப்பதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் அதையும் நினைத்துப் பார்க்கலாம்.

இத்தனையையும் வைத்துப் பார்க்கையில் எனக்கு உறுதிப்படுவது இது: படையலுக்கு ஓவியன் இன்னும் வரவில்லை என்று நாம் காத்திருக்கிறோம், படையலே ஓர் உணர்ச்சிவெளிப்பாட்டு உருவப்படமாக நம்முன் இருக்கிறது. தோட்டத்தில் இறந்த பலருக்குப் புகைப்படம் என்று ஒன்று இருந்தால் அது அடையாளக் கார்டில் இருந்த தபால்தலை அளவுப் படம்தான். அதைப் பெரிதாக்கினால் முகம் கலங்கிவிடும். சில வீடுகளில் அதுவும் கிடையாது. குத்துவிளக்கையோ ஒரு செம்புத் தண்ணீரையோ வைத்துப் படைப்பார்கள். ஆனால் அந்த ஆளைப் பற்றி இலை சொல்கிறது. கருவாட்டை அவர் கருகச் சுட்டுத் தின்பார், முட்டையில் மஞ்சள் கருவை ஒதுக்கிவிடுவார், பச்சை மிளகாயைத் தனியாகக் கடிப்பார் என்று தெரிந்தவர் ஒருவர் சமையலறையில் இருக்கிறார். அவர் வைக்கும் ஒவ்வொரு கை உணவும் இறந்தவரின் ஆசையை, பசியை, பிடிவாதத்தைக் காட்டுகிறது. தோற்றத்தை விட்டுவிட்டு உள்ளிருப்பதைப் பிடிக்க ஒரோஸ்கோ சுண்ணாம்புச் சுவரில் போராடியதை, நம் பெண்கள் இலையில் ஆண்டுதோறும் செய்கிறார்கள்.

இதைக் கலையாக்க வழி தெரியாமலும் இல்லை. யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனன் 2011இல் ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். போரில் வீடிழந்த எண்பது பேரிடம், இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அந்தக் கோணல் வரைபடம், அதைக் கட்டட வரைஞர் ஒழுங்குபடுத்திய தாள், பிறகு தன் சித்திரம் என மூன்றையும் அடுக்கினார். கிணறு எங்கே, மாமரம் எங்கே, சாமியறை எங்கே என்று மக்கள் வரைந்ததில் செத்தவர்களும் வந்துவிட்டார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் அதே வேலையை வீட்டுக்குப் பதில் இலையில் செய்யலாம். பேரன் ஓவியம் படிக்கட்டும், பாட்டி சொல்லட்டும்: இலையின் நுனியில் என்ன, யாருக்கு எத்தனை இலை, எந்த இலை சயாமுக்குப் போனவருக்கு.

அவசரமும் இருக்கிறது. படையல் சுருங்கி வருகிறது. வேலை முடிந்து வரும் பிள்ளைகள் கடையில் வாங்கிய பிரியாணியை வைத்துக் கும்பிட்டுக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, படைக்கிறார்களே என்று மகிழத்தான் வேண்டும். ஆனால் எல்லாருக்கும் ஒரே பிரியாணி என்றானதும் உருவப்படம் அழிந்துவிடுகிறது. லயத்தில் பிறந்து, சயாமுக்குப் போனவரைச் சிறுமியாகப் பார்த்து, அவருக்கு என்ன பிடிக்கும் என்று அறிந்தவர்களுக்கு இன்று வயது தொண்ணூறை நெருங்குகிறது. தேசிய ஓவியக்கூடமான பாலாய் செனி நெகாராவின் சுவரில் அது ஏறுமா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வரும் தீபாவளிக்கு முந்திய மாலை, ஒரு நோட்டுப் புத்தகத்தோடும் கரிக்கோலோடும் அவர்கள் பக்கத்தில் யாராவது உட்கார வேண்டும்.